எச்சிலும் தீட்டும்

எங்கள் குப்பத்தில் கேட்காமலே துப்புகிறவர்கள் அதிகம். ஏலக்கூடத்தில் துப்புவார்கள், எண்ணூர் ரோட்டில் எதிர்க்காற்றில் துப்புவார்கள், அடுத்தவன் படகு மேலேயே துப்பிவிட்டுச் சண்டைக்கும் நிற்பார்கள். ஆனால் என் மகள் ஒரு சின்னக் குழாயை நீட்டி, "இந்தக் கோடு வரைக்கும் துப்புங்க" என்று கேட்ட அன்றைக்கு ஊரே வாய் உலர்ந்து நின்றது.

"என் எச்சிய எட்துகினு போயி இன்னா பண்ணுவே? மந்திரிச்சி வுடப் போறியா?" என்று கேட்டாள் மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி.

"ஒண்ணும் பண்ணமாட்டேன் அத்தே. நீ எங்கேந்து வந்தேன்னு பாப்பேன்."

"நான் காசிமேட்லேந்து இப்பத்தான் ஷேர் ஆட்டோல வரேன். அத்த எச்சில வேற பாக்கணுமா?"

என் மகளுக்கு நகரத்தின் தெற்குக் கோடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மனிதர்களின் மரபணுவில் ஆளுக்கு ஆள் எழுத்து மாறுகிற இடங்கள் உண்டாம். அந்த அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்த்து, எந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது, யாரோடு கலந்தது, எப்போது கலப்பதை நிறுத்தியது என்று கண்டுபிடிப்பார்களாம். கடற்கரை மக்கள் என்ற பிரிவில் எங்கள் குப்பத்தையும் சேர்த்திருந்தார்கள். நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பைப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடுவதிலேயே என் காலம் போயிற்று. மனுஷன் எங்கே தொடங்கினான் என்று தேடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எச்சில் கொடுக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் நெருங்கிய ரத்த உறவாக இருக்கக் கூடாது. நான் சிரித்துவிட்டேன். எங்கள் குப்பத்தில் எனக்குச் சொந்தமில்லாதது மின்சாரக் கம்பம் ஒன்றுதான்.

"கேட்டுப் பாத்துத்தான் நைனா எடுப்போம்" என்றாள். கேட்டாள். ஒவ்வொருவரிடமும், "இவரு உங்களுக்கு ரத்த உறவா?" என்று கேட்டாள். கூடப் பிறந்த அக்காள் மகனைக் காட்டிக் கேட்டதற்கு ஒருவன், "சேச்சே, அவன் வூட்டுக்குப் பொண்ணு குடுக்குற மொறை. ரத்தம் எப்டி ஆவும்?" என்றான். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனைக் காட்டினால், "இவன் பங்காளி. ஒரே ரத்தம்" என்று மார்பைத் தட்டினான். எங்கள் ஆட்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பங்காளி என்றால் ரத்தம், மாமன் மச்சான் என்றால் கொண்டான் கொடுத்தான், அவ்வளவுதான் எங்கள் கணக்கு. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளும் அந்தக் கணக்கிலேயே ஊறியவள், அதனால் அவளுக்கும் அது உறைக்கவில்லை. உறவில்லை என்றவர்களை ஒரு பக்கமும், ஒரே ரத்தம் என்றவர்களை ஒப்பிட்டுப் பார்க்க என்று தனியாகவும் எழுதிக்கொண்டு, எல்லோர் எச்சிலோடும் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுடைய பேராசிரியர் தலையைப் பிடித்துக்கொண்டாராம். உறவே இல்லை என்று எழுதிய ஆட்கள் மாமனும் மருமகனுமாக ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரே ரத்தம் என்று எழுதியவர்களில் ஒரு ஜோடி, அப்பன் வழியில் ஒட்டவே இல்லை. யார் அந்த ஜோடி என்று அவளுக்கும் தெரியாது. பெயரெல்லாம் எடுத்துவிட்டு வெறும் எண்தான் வைப்பார்களாம்.

மடிக்கணினியில் ஒரு படம் காட்டினாள். வெள்ளைப் பின்னணியில் ஆயிரம் புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு ஆள். கிட்டத்தில் இருந்தால் கிட்டத்து மரபு. எங்கள் குப்பம் ஓரமாக ஒரு சின்னக் கொத்தாகக் கிடந்தது.

"என் புள்ளி எது?"

"சொல்லக் கூடாது நைனா. எனக்கே தெரியாது."

"என் எச்சி, என் புள்ளி. எனக்குச் சொல்லமாட்டியா? இது நல்லா கீதே." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு கூட்டம் எங்கள் கொத்துக்குள் பாதி நுழைந்திருந்தது. அது யார் என்றேன். வண்ணாரப்பேட்டைப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் என்றாள். எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் பிரியாணி கொடுத்தனுப்புகிற துணிக்கடை பாய் எங்கள் புள்ளிக்கு மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பார் போலிருந்தது. எங்கள் சாதிதான் என்று நான் நினைத்திருந்த ஒரு கூட்டம் அவரை விடத் தள்ளிக் கிடந்தது. எனக்குத் தலை சுற்றியது. மூடு அதை என்றேன்.

அவள் மூடவில்லை. அந்த ஒட்டாத ஜோடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "ஒரு வேளை அது நம்ம வூடும் பெரிப்பா வூடுமா இருந்தா நைனா?"

பெரியப்பா என்று அவள் சொன்னது என் பங்காளியை. எனக்கு அவர் அண்ணாத்தை. இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு உண்டு. அவர் கடலுக்குப் போவார், நான் என்ஜினைப் பார்த்துக்கொள்வேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் வேறு பங்காளி கிடையாது. அவர் வீட்டில் சாவு விழுந்தால் நாங்கள் தீட்டுக் காப்போம், எங்கள் வீட்டில் விழுந்தால் அவர்கள். என் அப்பன் செத்தபோது என்னோடு சேர்ந்து தலையை மழித்துக்கொண்டவர் அவர் ஒருத்தர்தான். ஆனால் எந்தப் பாட்டன் வழியில் நாங்கள் பங்காளி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

"இருந்தா உனக்கு இன்னா?" என்றேன்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணாத்தையின் மகன், துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன், நான் தோளில் தூக்கி வளர்த்தவன், அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள்.

என் மனைவி கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டாள். "அண்ணன் மொறைடீ அவன். ஊர்ல காறித் துப்புவாங்க."

"இன்னா மொறை? நீ நைனாவுக்கு அத்தை பொண்ணு. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா, ஒரே ஆயா. ரத்தம்னு பாத்தா நீங்கதான் பண்ணியிருக்கக் கூடாது. எனக்கும் அவனுக்கும் ஒண்ணுமே கெடயாதும்மா."

"அப்ப இன்னா, இப்ப தாலிய கயட்டிக் குடுத்துடட்டா?" என்றாள் என் மனைவி. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா அது.

ஆராய்ச்சிக்கூடத்து முடிவை யாருக்கும் தரமாட்டார்கள் என்பதால், காசு கட்டினால் வம்சம் பார்த்துச் சொல்கிற ஒரு கம்பெனிக்கு என் எச்சிலையும் அண்ணாத்தை எச்சிலையும் தபாலில் அனுப்புவது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். நான் முறைத்துக்கொண்டே துப்பினேன். அண்ணாத்தை சந்தோஷமாகத் துப்பினார். "போதுமா, இன்னும் வேணுமா? நெறையக் கீது" என்று கேட்டார். பிள்ளைகள் மேல் அவருக்குக் கோபமே இல்லை. "ரெண்டும் நல்ல புள்ளைங்கடா தம்பி. மொறைதான் கோணிக்கினு கீது" என்றார்.

முடிவு வந்த அன்று என் மகள் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள். ஆண்களுக்கு அப்பனிடமிருந்து மட்டும் வருகிற ஒரு துண்டு இருக்கிறது. அப்பன், பாட்டன், பூட்டன் என்று பெரிய மாற்றம் இல்லாமல் இறங்கும். அதில் சில இடங்களில் ஒரே எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தரம் வருகிறது என்று எண்ணி ஒப்பிட்டால் இரண்டு ஆண்கள் ஒரே பாட்டன் வழியா என்று தெரிந்துவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் வழியும் என் வழியும் பிரிந்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியிருக்குமாம்.

அவள் கண்ணில் தண்ணீர், சந்தோஷத்தில். அண்ணாத்தை என் முதுகில் ஒன்று போட்டு, "சம்பந்தி" என்றார். நானும் சந்தோஷப்பட வேண்டியவன்தான். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் அண்ணன் என்று கூப்பிட்ட ஆளை, இவன் உனக்கு யாருமில்லை என்று முகம் தெரியாத எவனோ சொன்னால் கோபம் வராதா? யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

"அப்ப நாங்க சொந்தமே இல்லியா?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் முடிவு வந்த தாளை மறுபடி பார்த்தாள். "அப்பன் வழில இல்ல. மத்த எல்லா வழியும் சேத்துப் பாத்தா தூரத்துச் சொந்தம்னு காட்டுது. இந்தக் குப்பத்துல எல்லாரும் உள்ளுக்குள்ளயே கட்டிக்கினு வந்ததால யார எடுத்தாலும் அப்டித்தான் காட்டும்."

"அப்ப சொந்தம்."

"ஆமா. இல்ல."

"ஆமாவா, இல்லியா?"

"ரெண்டும் நைனா." அதோடு விட்டாளா? பேராசிரியர் இன்னொன்றும் சொன்னாராம். இரண்டு பாட்டன்களும் கூடப் பிறந்தவர்களாகவே இருந்து, நடுவில் எங்கேயோ ஒரு வீட்டில் வேறொருத்தர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்திருந்தாலும் இதே முடிவுதான் வருமாம். அது எந்த வீடு என்று எச்சில் சொல்லாதாம். அப்புறம் என்ன இழவுக்கு அதைக் கேட்டோம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனாலும் மகளுக்காக ஊர்த் தலைவரிடம் போனேன். வலைக்கூடத்தில் அவரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தாளைக் கொடுத்து விளக்கினேன். எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. அவர்களுக்குப் பாதியில் பாதி போயிருக்கும். தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கவர்மெண்ட் சீலு கீதா?"

"இல்ல."

"அப்ப இத்த வச்சி நான் இன்னா பண்றது?" என்றார். பிறகு மூவருமே எங்கள் கதையைப் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பாட்டன்களும் சேர்ந்து வலை வாங்கியதால் பங்காளி ஆனார்கள் என்றார் ஒருவர். இன்னொருவர், அதெல்லாம் கப்ஸா, ஒருத்திக்குப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்றார். தலைவர், பழவேற்காட்டிலிருந்து ஒரே கட்டுமரத்தில் வந்து இறங்கியவர்கள் என்றார். ஒருவர் சொன்னதை ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. கேரம் காய்கள் பறந்தன. நான் என்னத்துக்கு வந்தேன் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

கடைசியில் தலைவர்தான் ஒரு வழி சொன்னார். அது பழைய வழக்கமா, அப்போது அவருக்குத் தோன்றியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "ரத்தம் எப்டினா இருந்துட்டுப் போவட்டும். தீட்டுக் காக்குறவன்தான் பங்காளி. ரெண்டு வூட்ல அடுத்தாப்புல எங்கனா சாவு வியுந்தா மத்தவன் மொட்ட போடக் கூடாது, சம்பந்தி பக்கம் கோடித் துணியோட நிக்கணும். அத்தோட பங்காளி மொறை அத்துப் பூடும். அப்பால பொண்ணு குடுத்தா ஊரு ஒண்ணும் கேக்காது. மொட்ட போட்டியோ, நான் பொறுப்பில்ல."

"யார் சாவுக்கு?" என்று கேட்டேன். மூன்று பேரும் கேரம் பலகையைப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் மாதங்கள் போயின. கல்யாணம் நடக்க வேண்டும் என்றால் ஒருவர் சாக வேண்டும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணாத்தை மட்டும் சொல்லிச் சிரிப்பார். படகில் டீசல் ஊற்றிக்கொண்டே, "நான் சீக்கிரம் கெளம்பிடறேன்டா. நீ மட்டும் மண்டையக் குடுத்துடாத" என்பார். "வாயக் கயுவு மொதல்ல" என்று நான் கத்துவேன். ஒரு நாள் சிரிக்காமலே சொன்னார். "டேய், நெசமாத்தான் சொல்றேன். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீ மொட்டையா வந்து நிக்காத. எனக்கு அது தேவயில்ல. புள்ளைங்க நல்லா இருக்கட்டும்." நான் ஸ்பானரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், காசிமேட்டில் மீனை ஏலத்துக்குப் போட்டுவிட்டு ஒரு கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்த அண்ணாத்தை எழுந்திருக்கவில்லை. டீ வாங்கப் போன ஆள் திரும்பி வருவதற்குள் போய்விட்டார்.

நான் அழுது முடிப்பதற்குள்ளேயே வீட்டில் ஏற்பாடு ஆகியிருந்தது. அண்ணன் முறை, அண்ணன் முறை என்று ஒரு வருஷமாகத் தலையில் அடித்துக்கொண்ட என் மனைவி, வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆள் விட்டு வாங்கிய கோடி வேட்டியை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். சம்பந்தி வீட்டார் கொண்டுபோகிற துணி அது. என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். மகள் வாசலில் நின்றிருந்தாள். அழுது அழுது அவளுக்குக் கண் வீங்கியிருந்தது. அவள் பெரியப்பா மடியில் வளர்ந்தவள்.

"நைனா, அவரே சொன்னாரு இல்ல. நீ மொட்ட போடக் கூடாது" என்றாள்.

"தெரியும்" என்றேன். அப்போது எனக்கு உண்மையாகவே தெரியும்.

எங்கள் பக்கத்தில் கொள்ளி வைப்பதற்கு முன்னால் மகனும் பங்காளிகளும் வரிசையாக உட்கார்ந்து தலையை மழித்துக்கொள்வார்கள். சுடுகாட்டில் அடிபம்பு பக்கத்தில் நாவிதர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். வரிசை என்று ஒன்று இல்லை. அண்ணாத்தையின் மகன் வெற்று உடம்போடு ஈர மண்ணில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஊர் ஆட்கள் நூறு பேர் இருந்தார்கள், எல்லோரும் மாமன் மச்சான்கள். எல்லோரும் என்னைப் பார்ப்பதும் பார்க்காததுமாக நின்றார்கள். நான் சம்பந்தி பக்கம் போய் நின்றேன். என் கையில் பை இருந்தது. தலைவர் எனக்குத் தலையசைத்தார், சரி என்கிற மாதிரி.

அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். விவகாரம் வெடித்த நாளிலிருந்து அவன் என்னை எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. வாங்க, போங்க என்றே ஓட்டிக்கொண்டிருந்தான்.

"சித்தப்பா" என்றான். "ஒண்டியா குந்தினுகீறேன்."

அவ்வளவுதான் சொன்னான். வா என்று சொல்லவில்லை. எனக்கு என் மகள் முகம் தெரிந்தது, அண்ணாத்தை டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு சொன்னது காதில் கேட்டது, எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் என் கால் நடந்துவிட்டது. நான் போய் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். நாவிதர் என் தலையில் தண்ணீரைத் தெளித்தார். முதல் இழுப்பிலேயே நான் உடைந்து அழுதேன். அண்ணாத்தைக்காக அழுதேனா, என் மகளுக்குச் செய்துவிட்ட துரோகத்துக்காக அழுதேனா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சம்பந்தி கொண்டுவரும் கோடி வேட்டி மடியில் இருக்க, பங்காளியாக மொட்டை போட்டுக்கொண்டவன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி என் தலையைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மகளும் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அவன் கூப்டான்" என்றேன்.

"கூப்டாம இன்னா பண்ணுவான்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

சாவு விழுந்த அன்று பங்காளி வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. எழவு வீட்டுக்கும் பங்காளி வீட்டுக்கும் மாமன் மச்சான் வீட்டிலிருந்துதான் சோறு வரும். என் மனைவி பதறி எழுந்தாள். "அடியே, தீட்டுடீ. அடுப்ப அணை."

"தீட்டு நைனாவுக்கு. மொட்ட போட்டது அவரு. எனக்கு இன்னா தீட்டு?" என்றாள் மகள். அரிசி களைகிற கை நிற்கவே இல்லை. சோறு வடித்தாள். மிளகு ரசம் வைத்தாள். தூக்குச் சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, ஊர் பார்க்கத் தெரு நடுவிலேயே நடந்தாள். நான் மொட்டைத் தலையோடு பின்னால் போனேன். அவளைத் தடுக்கப் போனேனா, துணைக்குப் போனேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எழவு வீட்டுப் பந்தலில் அவன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்றார்கள். என் மகள் அவன் எதிரில் மண்டியிட்டு இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள். பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. பங்காளி வீட்டுப் பெண் கொண்டுவந்த சோற்றை அன்றைக்கு அவன் தொடக் கூடாது. தொட்டால் அவள் பெண் கொடுக்கிற மாமன் வீட்டுப் பெண் என்று ஆகிவிடும். மத்தியானம் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்ட அதே ஆள், என் மொட்டைத் தலையை ஒரு தரம் பார்த்தான், அவளை ஒரு தரம் பார்த்தான். கையைக் கழுவிக்கொண்டு சோற்றைப் பிசைந்தான்.

தலைவர் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "இப்ப இன்னாய்யா நீ? பங்காளியா, சம்பந்தியா?"

"தெரியலீங்க" என்றேன்.

அதற்குள் அவன் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான். அவள் ஊற்றினாள்.